முதல் கையெழுத்து

அத்தியாயம் 17

இருபது நாளாக டீச்சரக்கா ஒரு பொய்யோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. யாராவது கேட்டால்தானே பொய் சொல்வதற்கு? யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன வாரம் படித்துவிட்டு, "தம்பி செத்த வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தத் தெரிகிறது, வாயைத் திறக்க மட்டும் தெரியவில்லையா அந்த அம்மாளுக்கு?" என்று நாலைந்து பேர் கோபமாக எழுதியிருந்தீர்கள். கோபம் நியாயம்தான். அவள் இடத்தில் நீங்களும் நானும் இருந்திருந்தால் என்ன பெரிதாகக் கிழித்திருப்போம் என்றும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டீச்சரக்கா பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஊர்க்கல்வித் திட்டத்தில் களப் பணியாளர். பதினோரு ஊர்களுக்கு வேனில் போய், படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பாள். கைக்குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டும், கிணற்றுத் தண்ணீரை எப்படிச் சோதிப்பது, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, பூச்சிமருந்தை எங்கே வைப்பது என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அவள் பையில் இருக்கும். வேனை ஓட்டுகிறவர் அவள் கணவர். ஊர் அவரை வேன்காரர் என்றுதான் கூப்பிடும்.

பதினோராவது ஊரில், தார் ரோடு முடிகிற இடத்தில் அவள் தம்பி வீடு. அவன் வாயைத் திறந்தால் சுற்றி நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள். அக்கா வகுப்பு வைத்தால் பாய் விரிப்பது, மைக் கட்டுவது, வீடு வீடாகப் போய் ஆள் கூட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. எல்லாவற்றையும் விட முக்கியம், முதல் கையெழுத்து.

வருகைப் பதிவேடு வெறுமையாக இருந்தால் ஊரில் ஒருத்தரும் பேனாவைத் தொடமாட்டார்கள். எதற்குக் கையெழுத்து, நாளைக்கு எவனாவது வந்து நிலத்தைக் கேட்பானா என்று ஆளுக்கு ஒரு சந்தேகம். தம்பி வந்து முதல் வரியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, "பாத்துக்கங்க, என் சொத்து பத்தெல்லாம் எழுதிக் குடுத்துட்டேன், அடுத்தது யாரு?" என்பான். சிரித்துக்கொண்டே நாற்பது பேர் போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டு அவர்கள் உட்காருவார்கள். அவன் உட்காரமாட்டான். அவனுக்குத்தான் ஆயிரம் வேலை இருக்குமே.

இருபது நாளைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயலில் மோட்டார் ரூமில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். பாட்டிலில் இருந்தது பூச்சிமருந்து. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அன்று காலையில் அவனுக்கும் மனைவிக்கும் சண்டை. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அந்த ஊரில் பூச்சிமருந்துப் பாதுகாப்பு வகுப்பு நடந்திருந்தது. பதிவேட்டில் முதல் கையெழுத்து அவனுடையது. குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் அவனும் இருந்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு, "வகுப்பெல்லாம் கேட்டவரும்மா. தெரியாம குடிச்சிருக்க மாட்டாரு" என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அந்த வகுப்பு நடந்த இரண்டு மணி நேரமும் தம்பி அங்கே இல்லை. இந்த விஷயம் டீச்சரக்காவுக்குத் தெரியும். வேன்காரருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

இனி இன்றைய கதை.

*

மேற்பார்வையாளர் காலை பதினோரு மணிக்குப் போன் செய்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் ஒன்றைக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வருவதில்லை, அதுதான் அவர்களிடம் உள்ள தொந்தரவு.

"ஒண்ணுமில்லம்மா, ஒரே ஒரு வரி. மேற்படி நபர் இந்தத் தேதியில நடந்த வகுப்புல முழு நேரமும் கலந்துகிட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. நாலு மணிக்குள்ள வந்துட்டா ஃபைலை மூடிடலாம்."

"இன்னிக்கேவா சார்?"

"உங்க சொந்தத் தம்பி. எனக்குக் கேக்கவே சங்கடமா இருக்கு. ஆனா மேல இருந்து குடையறாங்க. வகுப்பு நடந்த ஊர்லயே இப்படி ஆச்சே, அப்ப என்னத்தை வகுப்பு எடுக்கறீங்கன்னு கேக்கறாங்க. நாம சொல்லிக் குடுத்தாச்சு, அவரு தெரிஞ்சேதான்..."

அவர் முடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

வேன்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"எழுதிக் குடுத்துடு" என்றார்.

"அவன் வகுப்புல இல்லீங்க."

"அது எனக்குத் தெரியாதா? மூணு ரோட்டுல அவனை இறக்கி விட்டதே நான்தானே."

"தெரிஞ்சுமா எழுதச் சொல்றீங்க?"

"ஒரு கையெழுத்து பொய்யின்னு நீ வாயால சொன்னா, பதினோரு ஊரு நோட்டையும் தூக்கி மேசை மேல போட்டுடுவாங்க. எத்தனை பேரு கையெழுத்தைப் போட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாங்கன்னு உனக்கே தெரியும். திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. போன மாசம் அந்த மலையடி ஊர்ல ஒரு பொண்ணு முதல் தடவையா தன் பேரை எழுதிட்டு அழுதாளே. அவளுக்கு அடுத்த எழுத்தை யாரு சொல்லிக் குடுப்பா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். சுயநலத்துக்காகப் பேசியிருந்தால் டீச்சரக்கா நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"செத்தவன் திரும்பி வரப்போறதில்ல" என்றார் வேன்காரர்.

"இருக்கிறவளை என்ன பண்றது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இருக்கிறவள் நேற்றுச் சாயங்காலம் போன் செய்திருந்தாள். தம்பி மனைவியை அந்தக் குடும்பத்தில் சின்னவள் என்பார்கள். போனில் பத்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "அண்ணி, நாளைக்கு வந்து வாலுவைக் கூட்டிட்டுப் போயிடுங்க. என்கிட்ட இருந்தா அது உருப்படாது." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

வாலு தம்பியின் மகள். பன்னிரண்டு வயது. வீட்டில் ஒரு பொருள் ஒரு இடத்தில் இருக்க விடாதவள், அதனால் வந்த பெயர்.

"வண்டியை எடுங்க" என்றாள் டீச்சரக்கா. "முதல்ல அங்க போவோம்."

*

மூன்று ரோடு சந்திப்பு வந்ததும் வேன் தானாக மெதுவானது. யாரும் சொல்லவில்லை. வேன்காரரின் கால் அப்படிப் பழகிவிட்டது.

அங்கே ஒரு மரம் கிடையாது. ஊர்ப் பெயரெல்லாம் அழிந்துபோன ஒரு கைகாட்டிக் கம்பம், அதன் கீழே மண் ஏற்றிவந்த லாரி சிந்திய குவியல். அந்த இடத்தில்தான் தம்பி இரண்டு மணி நேரம் நின்றான்.

வகுப்பு நடந்த அன்று தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. வழி தெரியாமல் கார் வேறு ஊருக்குப் போய்விட்டால் வகுப்பைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள், திட்டத்துக்குக் கெட்ட பெயர். "நீ போய் நின்னு கூட்டிட்டு வாடா" என்று டீச்சரக்காதான் அனுப்பினாள். அவன் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேனில் ஏறினான். கார் வந்தது வகுப்பு முடிகிற நேரத்துக்கு. அதிலேயே ஏறி வந்து, போட்டோவுக்கு ஓடி வந்து நின்றான். முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது.

"அக்கா, கார் ஏசில அஞ்சு நிமிஷம் உக்காந்தேன். இனிமே செத்தாலும் கவலையில்ல" என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரக்காவும்தான் சிரித்தாள்.

அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்த நாற்பது பேரும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தங்கள் மருந்து பாட்டில்களைத் தேடி எடுத்துத் தனியே பூட்டி வைத்தார்கள். அடுத்த வாரம் அவள் விசாரித்தபோது ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. தம்பியிடம் மட்டும் விசாரிக்கத் தோன்றவில்லை. நம்ம ஆள்தானே என்று விட்டுவிட்டாள்.

வேன் தார் ரோட்டை முடித்துக்கொண்டு மண் ரோட்டில் இறங்கியது. டீச்சரக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேன்காரர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

*

சின்னவள் துணிகளை மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இதுல யூனிஃபார்ம் ரெண்டு செட் இருக்கு அண்ணி. சாக்ஸ் ஒண்ணுல ஓட்டை, தச்சு வச்சிருக்கேன். விளக்கை அணைச்சா பயப்படும், ஒரு விளக்கு எரியட்டும். கணக்குல மட்டும் கொஞ்சம் மக்கு, அதட்டாதீங்க."

"நீ எங்க போகப்போறே?"

"எங்கம்மா வீட்டுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல அண்ணி."

பின்வாசலில் வாலு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக. அத்தை வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு தட்டுச் சாப்பாடு மூடிவைத்தபடி இருந்தது.

"இப்படித்தான்" என்றாள் சின்னவள். "நான் போட்டா தொடறதில்ல. பக்கத்து வீட்டுல கூப்பிட்டுக் குடுத்தா சாப்பிடறா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. போலீஸ்காரர் சொன்னப்ப வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்தா. அன்னியிலேர்ந்து இப்படி."

"குழந்தைதானே, போகப் போகச் சரியாயிடும்மா."

"என்ன சரியாகும்? அவ நினைக்கிறதுல என்ன தப்பு? அன்னிக்குக் காலையில அவரு வயலுக்குக் கிளம்பாம, யாருக்கோ மோட்டார் ரிப்பேர் பாக்கப் போறேன்னாரு. எனக்கு வந்துச்சு கோபம். ஊருக்கு உழைக்கவே பொறந்தவரு, இந்த வீட்டுல நீங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு கேட்டேன். அதான் அண்ணி நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது. தண்ணிகூட எடுத்துக்காம வயலுக்குப் போனாரு. எல்லாம் தெரிஞ்சவரு. வகுப்பு கேட்டவரு. அப்ப எதுக்குக் குடிச்சாரு? நான் சொன்னதுக்குத்தானே."

அழுகை இல்லாமல், பால் கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். இருபது நாளில் அந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாளோ, அதன் கூர்மையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

டீச்சரக்காவுக்கு மைக் இல்லாமலே நூறு பேருக்குக் கேட்கிற குரல். அந்தக் குரல் இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

"வாலு" என்றாள் கடைசியில். "இங்க உள்ள வா. நீயும் கேக்கணும்."

வாலு வந்து கதவோரம் நின்றாள்.

"உங்கப்பா அந்த வகுப்புல இல்ல."

சின்னவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"கையெழுத்து இருக்கே அண்ணி."

"முதல்ல போட்டுட்டுப் போயிட்டான். எப்பவும் அப்படித்தான் போடுவான், மத்தவங்க கூச்சம் போறதுக்கு. போட்டதும் நான்தான் அவனை மூணு ரோட்டுக்கு அனுப்பினேன், கார் வரும் கூட்டிட்டு வான்னு. ரெண்டு மணி நேரம் அங்கதான் நின்னான்."

"போட்டோ?"

"கடைசியில வந்து நின்னான். ஒரு வார்த்தை அவன் காதுல விழல. மிச்ச மருந்தைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கக் கூடாதுன்னு நாப்பது பேருக்குச் சொன்னேன், என் தம்பிக்குச் சொல்லல. பக்கத்து வயக்காரர் வகுப்புக்கு முந்தின வாரமே மிச்ச மருந்தைப் பாட்டில்ல ஊத்திக் குடுத்திருக்காரு. இவன் தண்ணி பாட்டிலோட சேத்து வச்சிருக்கான். வெயில்ல வந்தவன் எதுன்னு பாக்காம எடுத்துக் குடிச்சுட்டான். நீ சொன்னதுக்காக இல்லம்மா. உன் பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குத்தம் யாருதுன்னு கேட்டா, அது என்னுது."

சொல்லி முடித்துவிட்டாள். இருபது நாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்ல மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்பாவுக்கு மூக்கடைப்பு" என்றது ஒரு குரல்.

வாலுதான். இருபது நாளாக அதிகம் பேசாததால் குரல் கம்மியிருந்தது.

"ஒரு வாரமா இருந்துச்சு. நான்தான் தைலம் தடவி விட்டேன். நாத்தம் அடிக்குமே, தெரியாமயா குடிச்சிருப்பாருன்னு ஸ்கூல்ல கேட்டாங்க. அப்பாவுக்கு நாத்தம் தெரிஞ்சிருக்காதும்மா. சாப்பாட்டு வாசனைகூடத் தெரியலைன்னு சொன்னாரே."

அம்மா என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. சின்னவள் கவனித்தாள். சட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். வாலு வந்து மடியில் விழுந்த வேகத்தில் துணிப் பை சரிந்து, மடித்து வைத்த துணியெல்லாம் தரையில் கொட்டியது. தாயும் மகளும் அப்போதுதான் அழுதார்கள். அதுவரை அந்த வீட்டில் மற்றவர்கள்தான் அழுதிருந்தார்கள்.

டீச்சரக்கா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

வெகு நேரம் கழித்து, மகளின் தலையைத் தடவிக்கொண்டே சின்னவள் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாள்லேர்ந்து."

"போலீஸ்காரர் சொல்லிட்டுப் போனப்ப என் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"என் முதுகைத் தடவி, எல்லாம் விதிம்மான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான்தான் கொன்னுட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டீங்க. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"ஏன் அண்ணி?"

திட்டம், பதினோரு ஊர், மலையடி ஊர்ப் பெண் என்று சொல்வதற்கு அவளிடம் ஏகப்பட்ட காரணங்கள் இருந்தன. காலையில் வேன்காரர் எடுத்துக் கொடுத்ததே ஒரு கூடை இருக்கும். டீச்சரக்கா அவற்றில் எதையும் எடுக்கவில்லை.

"பயம்மா. நீ என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு பயம். இந்த வீட்டுக்கு நான் அப்புறம் எப்படி வருவேன்? அவன்தான் இல்ல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டா எனக்கு அவன் பக்கத்துல யாரு இருக்கா? வேலை, திட்டம் எல்லாம் அதுக்கப்புறம்தான்."

சின்னவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் இனிமே உங்களை என்னன்னு நினைப்பேன்னு எனக்கே தெரியல. இப்பக்கூட அண்ணின்னுதான் வாயில வருது. பழக்கம்" என்றாள் சின்னவள்.

வெளியே வேனின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. மணி இரண்டரை. அலுவலகத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டீச்சரக்கா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. எழுதிக் குடுக்கறேன், ஆனா நடந்ததைத்தான் எழுதுவேன்."

வேன்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே கேட்ட அழுகைச் சத்தத்தைக் கேட்டார். திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு என்ஜினை அணைத்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும். அவருக்கு ரத்தக்கொதிப்பு வேற" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததைப் பார்க்காத மாதிரி டீச்சரக்கா உள்ளே வந்தாள்.

*

சின்னவள் முகம் கழுவியிருந்தாள். மூடிவைத்த தட்டை வாலு மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆறிப்போன சாப்பாடு, இருந்தாலும் தட்டைக் காலி செய்யாமல் விடப்போவதில்லை என்பதுபோல் சாப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். எங்களை ஏன் கூப்பிடல?" என்றாள் சின்னவள்.

"யாரை?"

"பொம்பளைங்களை. மருந்து அடிக்கிறவங்க மட்டும் வாங்கன்னு மைக்ல சொன்னீங்க. மருந்து படிஞ்ச சட்டையைத் துவைக்கிறது யாரு? காலி டப்பாவைக் கழுவி விதை போட்டு வைக்கிறது யாரு? எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த பாட்டிலை நானே எடுத்து வச்சிருக்க மாட்டேனா?"

"மேல இருந்து வந்த உத்தரவு அப்படி இருந்துச்சும்மா" என்றாள் டீச்சரக்கா. சொல்லும்போதே அது எவ்வளவு நோஞ்சான் பதில் என்று தெரிந்தது.

"இப்ப எடுங்க."

"என்னது?"

"அந்த வகுப்பை. அவருக்கு எதைச் சொல்லாம விட்டீங்கன்னு எனக்குத் தெரியணும். எனக்கும் வாலுவுக்கும் இப்பவே சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. வர்ற வியாழக்கிழமை ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரையும் நான் கூட்டறேன், அவங்களுக்கும் வந்து எடுங்க."

வாலு கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். புதுப் பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டுவிட்டு அத்தையைப் பார்த்தாள். டீச்சரக்கா தரையில் உட்கார்ந்தாள். அட்டைகள் வேனில் இருந்தன. அவை தேவைப்படவில்லை. ஆறு அட்டையும் அவளுக்கு மனப்பாடம்.

"மருந்தை அது வந்த டப்பாவிலேயேதான் வைக்கணும். வேற எதுலயும் மாத்தக் கூடாது."

வாலு எழுதினாள். சின்னவள் உதடு அசைய அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டாவது, சாப்பிடறது குடிக்கறது எதுவும் இல்லாத இடத்துல பூட்டி வைக்கணும். மூணாவது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுத்தான் தெளிக்கணும். நாலாவது, காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது, ஓட்டை போட்டுடணும்."

"மெதுவா அத்தை."

"அஞ்சாவது, யாராவது தெரியாம குடிச்சுட்டா, அந்த டப்பாவையோ பாட்டிலையோ கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எந்த மருந்துன்னு டாக்டருக்குத் தெரியணும்."

"பாட்டிலை எடுத்துட்டுத்தான் போனேன்" என்றாள் சின்னவள். "எப்படியோ அது தோணுச்சு."

டீச்சரக்காவின் வாயில் ஆறாவது அட்டை வந்து நின்றது.

அதில் ஒரு ஆள் படுத்திருப்பான். இன்னொருத்தர் அவன் வாயில் ஒரு டம்ளரை வைத்திருப்பார். அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. மருந்து குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சின்ன வயது டாக்டர் கேட்டது மறுபடியும் அவள் காதில் விழுந்தது. "யாரு இவரை வாந்தி எடுக்க வச்சது? மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சே." சின்னவள் அப்போது மயங்கிக் கிடந்தாள். மயங்குவதற்கு முன்னால் அவளே சொல்லியிருந்தாள், மோட்டார் ரூம் வாசலில் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, உப்பைக் கரைத்துப் புகட்டி, முதுகில் தட்டித் தட்டி வாந்தி எடுக்க வைத்தேன், எல்லாம் வெளியே வந்துவிட்டது அண்ணி, பிழைத்துக்கொள்வார் என்று. டாக்டரிடம் டீச்சரக்கா, "தெரியல சார்" என்றாள். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, வேன்காரரிடம்கூட.

"அப்புறம் அண்ணி?" என்றாள் சின்னவள்.

"அவ்வளவுதாம்மா. எவ்வளவு சீக்கிரம் கொண்டு போறோமோ அவ்வளவு நல்லது."

"அதைத்தானே நான் செஞ்சேன்? ஒத்தை ஆளா ரோட்டுக்கு ஓடி வண்டியை நிறுத்தினேன்."

"ஆமாம்மா. நீ செஞ்சது எல்லாமே சரி. யாராலயும் அதுக்கு மேல செஞ்சிருக்க முடியாது."

சின்னவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. இருபது நாளில் முதல் தடவையாக அவள் முகம் பழைய முகம்போல் இருந்தது. சிதறிக்கிடந்த துணிகளைப் பையில் வைக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

டீச்சரக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பொய்யை இறக்கி வைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று. வியாழக்கிழமை ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் ஆறு அட்டையும் காட்டியாக வேண்டும். முன் வரிசையில் சின்னவள் உட்கார்ந்திருப்பாள்.

"அத்தை" என்றாள் வாலு. அவள் எழுதியதையெல்லாம் விரல் வைத்து முதலிலிருந்து படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு விட்டுப்போச்சு. அம்மா உப்புத்தண்ணி கரைச்சுக் குடுத்தாங்களே. நான்தான் வீட்டுக்கு ஓடி வந்து உப்பு டப்பாவை எடுத்துட்டுப் போனேன். அது எத்தனாவது?"

அடுத்த வரிக்கு ஆறு என்று எண் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.